எரிமலைத் தீவுகளுக்கு இரண்டு படுக்கைகள்

எங்களுக்கு இலையுதிர்காலமான இந்த மே மாதத்தில் நான்கு நாட்கள் மனைவி இல்லாமல் வாழ்ந்து பார்ப்பது என்று நான் முடிவெடுத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்குப் பிரஷர் வந்த நாளிலிருந்து எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டில் பொரித்த மீன் இல்லை. குழம்பில் ஒரு துண்டு, அதுவும் வாலுக்குக் கிட்ட. கடலில் நாலு நாள் பொரித்த மீன், கேள்வி கேட்பாரில்லாத நித்திரை. அவ்வளவுதான் என் ஆசை.

வனுவாட்டுத் தீவுகளைச் சுற்றும் பாய்மரப் படகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். நல்ல வெயில், தூரத்தில் புகையும் எரிமலை, ஓர் அறையில் இரண்டு படுக்கைகள். புறப்படும் நாளுக்கு ஒரு கிழமை முன்பு வரை பயணியின் பெயரை மாற்றலாம் என்று கீழே எழுதியிருந்தது. என் மூளை விழித்துக்கொண்டது அந்த வரியில்தான்.

என் பெயரையும் இராஜேஸ்வரியின் பெயரையும் கொடுத்துப் பதிந்தேன். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அவளுக்கு அன்னதானச் சமையல் முறை வரும் சனி ஞாயிறாகப் பார்த்து எடுத்தேன். பதினொரு வருடத்தில் அவள் ஒரு முறையும் தவறவிட்டதில்லை. வரமாட்டாள். அவள் மறுத்ததும் அவள் இடத்தில் பக்கத்து வீட்டுப் பார்த்தசாரதி. அவர் மீன் தொடமாட்டார். ஆகவே அவர் பங்கும் எனக்கு.

“இராஜேஸ், நாலு நாள் கடலில போவம். உமக்கும் சேர்த்து புக் பண்ணியிருக்கிறன்.”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எப்ப?”

“மே பதினாறு.”

“அண்டைக்கு எனக்குக் கோயில் குசினி.”

“ஐயோ, மறந்தே போனன்.”

“காலண்டரில சிவப்பு வட்டம் போட்டதே நீங்கள்தானே.”

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு பொய் தனியாக நிற்காதோ என்ற பயத்தில் மேலும் மூன்றால் முட்டுக்கொடுத்தேன்.

“மேன்லி ஃபெரியிலயே உமக்குத் தலை சுத்தும். இது அதைவிட மூண்டு மடங்கு ஆடும்.”

“ஓம்.”

“ஏணியில ஏறி இறங்க வேணும். கழிப்பறைக் கதவு பூட்டாதாம்.”

“ஓம்.”

“எரிமலை வேற. எப்ப வெடிக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. புகையில மூச்சு முட்டும்.”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது போலிருந்தது. ஒரு கணம் எனக்கே பாவமாகிவிட்டது.

“இவ்வளவு ஆபத்தான இடத்துக்கு உங்களை எப்பிடி விடுறது?”

“என்னையோ?”

“பிரஷர் நூற்றி அறுபது. ஏணியில விழுந்தா ஆர் தூக்கிறது? பார்த்தசாரதி அண்ணையோ?”

பார்த்தசாரதியின் பெயரை நான் இன்னும் சொல்லவேயில்லை.

அப்போது பின்கதவால் அவர் மனைவி பத்மா உள்ளே வந்தாள். கையில் பாஸ்போர்ட்.

“எங்க வீட்டுக்காரர் நேத்து கூலிங் கிளாஸ் வாங்கிட்டு வந்து கண்ணாடி முன்னாடியே நிக்கிறார் அண்ணா. என்னன்னு கேட்டேன். ரெண்டே நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லிட்டார். பேரை மாத்தியாச்சா அக்கா?”

“உம்மட பாஸ்போர்ட் நம்பர் மட்டும்தான் மிச்சம். இவரின்ர பேரை எடுத்துப்போட்டு உம்மட பேரைப் போடுறன்.”

“என்ர பாஸ்வேர்ட் உமக்கு எப்பிடி?” என்றேன்.

“என்ர பிறந்தநாள். நீங்கள் மறக்காமலிருக்க நான்தானே போட்டுத் தந்தனான்.”

“எரிமலை வெடிச்சா?”

“எங்களுக்குப் பிரஷர் இல்லைத்தானே.”

என்னிடம் கடைசியாக ஒரு துருப்பு இருந்தது. “அப்ப கோயில் முறை? பதினொரு வருசம் தவறாதது.”

“இந்த முறையும் தவறாது. உங்கட ரெண்டு பேரின்ர பேரையும் குடுத்திட்டன்.”

மே பதினாறு. ஹெலன்ஸ்பர்க் கோயில் சமையலறை. என் முன்னால் பூசணிக்காய்கள் ஒரு மலையாகக் கிடந்தன. அது வெடிக்கவில்லை, குறையவும் இல்லை. வெளியே காட்டு மரங்களுக்குள் குளிர்காற்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பார்த்தசாரதி கறுப்புக் கண்ணாடியுடன் தேங்காய் துருவினார்.

“குசினிக்குள்ள எதுக்கு இது?”

“வாங்கிட்டேன் சார். ஒரு தடவையாவது போட வேண்டாமா?”

மத்தியானம் போன் சிணுங்கியது. ஒரு படம். தொப்பி போட்ட இரண்டு பெண்கள், பின்னால் நீலக் கடல், அதற்கும் பின்னால் எரிமலையின் மெல்லிய புகை. இராஜேஸ்வரி அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம்.

கீழே எழுதியிருந்தாள்: “கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. கழிப்பறைக் கதவு நல்லாப் பூட்டுது. நேராக் கேட்டிருந்தா உங்களை விட்டிருப்பன்.”

கத்தியை வைத்துவிட்டு என்ன பதில் எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருக்கையில் இன்னொன்று வந்தது.

“பத்மா மீன் தொடமாட்டாள். அவளின்ர பங்கும் எனக்குத்தான்.”