மாப்பிள்ளை சொன்ன ‘நாம’

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும், என் புது ஷூவும், ஹாலில் நின்றுகொண்டிருக்கும் கூடாரமும் சுகம். அங்கே நீங்களும், என் மகளும், உங்கள் அப்பா அம்மாவும் சுகமாக இருப்பீர்கள். நால்வரும் ஊர் சுற்றக் கிளம்பும் வீட்டில் சுகத்துக்கு என்ன குறை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசினால், என்னோடுதான் பேசுகிறீர்களா, வேறு யாரோடாவதா என்று எனக்கு இனிமேல் சந்தேகம் வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. மேலே உங்களை விளித்திருக்கிறேன், கீழே என் கையெழுத்து இருக்கும்.

நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என் புகாரே. அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்து நீங்களும் நானும் மட்டும் மேஜையில் இருந்தோம், என் மகள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் பார்த்து, “இந்த லீவுல நாம அந்தப் பள்ளத்தாக்குப் பார்க்குக்குப் போறோம். இறங்கறோம், கூடாரம் போட்டுத் தங்கறோம், ஏறி வர்றோம்” என்றீர்கள். “எனக்கெதுக்கு மாப்பிள்ளை அதெல்லாம்” என்று மரியாதைக்கு இழுத்தேன். “அதெல்லாம் பேசாதீங்க, நீங்க இல்லாம எப்படி” என்றீர்கள். “கால் தாங்கணுமே” என்றேன். “மெதுவா நடக்கலாம், என்ன அவசரம்” என்றீர்கள். என்னென்ன வாங்கணும் என்று கேட்டதற்கு, “ஷூ மட்டும் நல்லதா வாங்கிடுங்க, அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க” என்றீர்கள். மாப்பிள்ளை வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை என்னை நோக்கி வந்ததே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து “சாப்டீங்களா மாமா”, “கிளம்பிட்டீங்களா மாமா” என்ற இரண்டு கேள்வியில்தான் நம் உறவு ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் இரண்டாவது கேள்வி சில நாள் முதல் கேள்வியை முந்திக்கொண்டு வந்துவிடும்.

நான் அச்சகத்தில் பிழைதிருத்திப் பிழைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ‘நாங்கள்’ என்றால் பேசுகிறவனும் அவன் ஆட்களும் மட்டும், கேட்கிறவன் வாசலுக்கு வெளியே. ‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று. ஒரு சங்கத்துக்காரர் ‘நாங்கள் அனைவரும் ஒன்றுபடுவோம்’ என்று துண்டறிக்கை அச்சடிக்கக் கொண்டுவந்தார். “அப்போ படிக்கிறவன் சேர வேண்டாமா?” என்று கேட்டு நான் அதை ‘நாம்’ ஆக்கினேன். அப்படிப்பட்டவன் காதில் நீங்கள் ‘நாம’ என்று போட்டீர்கள். சும்மா விட முடியுமா? உங்கள் மாமியார் போன பிறகு எனக்கு ‘நாங்க’ என்று சொல்ல வழியில்லை. “நாங்க சாப்பிட்டாச்சு”, “நாங்க வெளிய போறோம்” என்று சொல்லிப் பழகிய வாய் இப்போது ‘நான்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நாளை ஓட்டுகிறது. பஸ்ஸில் யாரோ யாரிடமோ ‘நாம’ என்று சொன்னால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்பிள்ளை, சந்தோஷத்தில்தான்.

மறுநாளே ஷூக் கடைக்குப் போனேன். பள்ளத்தில் இறங்கும்போது கால் முன்னால் சரிந்து விரல் இடிக்கும், ஒரு அளவு பெரிதாக எடுங்கள் என்றார் கடைக்காரர். எடுத்தேன். விலையைக் கேட்டு வாயைத் திறந்தவன், நீங்கள் சொன்ன கஞ்சத்தனம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அப்புறம் பயிற்சி. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ், தெம்பு இருக்கும்போது இறக்கம், நாக்குத் தள்ளும்போது ஏற்றம். நான் குடியிருப்பது மேல்மாடி. இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீடு ஊரிலேயே கிடையாது. முதுகுப்பையில் பாரத்துக்கு அகராதித் தொகுதிகளை அடுக்கிக்கொண்டு காலையில் கீழே இறங்குவேன், வாசலில் தண்ணீர் குடிப்பேன், மூச்சு வாங்க ஏறுவேன். இதைத் தினமும் பார்த்த வாட்ச்மேன், “என்ன சார், கொஞ்சம் கொஞ்சமா சாமானை எங்க கொண்டு போறீங்க?” என்றார். நான் பெருமை தாங்காமல், “மாப்பிள்ளையோட போய்த் தங்கப் போறேன்” என்று சொன்னேன். கூடாரத்தில் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னவன் நான்.

ஆர்டர் போட்டிருந்த கூடாரம் வந்தது. அதை விரிக்கச் சிரமமே இல்லை, கயிற்றை அவிழ்த்ததும் தானாக எழுந்து நின்று, சோபாவை நகர்த்தி, மின்விசிறியை முட்டி, ஹாலை முழுக்கப் பிடித்துக்கொண்டது. மடக்குவதற்குத்தான் படம் போட்ட காகிதம் கொடுத்திருந்தார்கள். அந்தப் படத்தில் இருப்பவருக்கு மூன்று கை இருந்தால்தான் அது நடக்கும். சரி, நின்றது நிற்கட்டும், உள்ளே படுத்துப் பார்ப்போம் என்று தூங்கும் பைக்குள் நுழைந்து கழுத்து வரை ஜிப்பை இழுத்த நேரம், கதவு திறந்தது. வீட்டுக்காரர். கூடவே, வீடு பார்க்க வந்த கணவன் மனைவி. “நீங்க காலி பண்ணிட்டு மாப்பிள்ளையோட போயிடறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரே, வீட்டைக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்” என்றார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் புழு மாதிரி நெளிந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, “வாங்க, உக்காருங்க” என்றேன். உட்கார இடமில்லை. அந்த அம்மாள் கூடாரத்தைச் சுற்றிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “இது வீட்டோட வருதா?” என்று கேட்டார். நான் காலி செய்யவில்லை என்று வீட்டுக்காரருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போகும்போது அவர், “மாப்பிள்ளை கூப்பிட்டா போயிடுங்க சார், இந்தக் காலத்துல யார் கூப்பிடறா?” என்றார். நல்ல மனிதர், அவருக்கும் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார்.

இதோடு விட்டேனா. பூங்காவின் துண்டறிக்கையை வாங்கிவந்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ‘பாறைகள் உருளும் இடம், நிற்காதீர்கள்’ என்பதை ‘பாறைகள் உறங்கும் இடம்’ என்று அச்சடித்திருந்தார்கள். படிக்கிறவன் சத்தம் போடாமல் அங்கேயே நிற்பான். நம் ஆட்களுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று திருத்தி, பூங்கா அலுவலகத்துக்கே தபாலில் அனுப்பினேன். ‘நம் ஆட்கள்’ என்றுதான் நினைத்தேன் மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை. பாறை விளிம்பில் உங்கள் கையை என் மகள் பிடித்துக்கொள்வாள், பின்னால் நான் விசிலோடு வருவேன் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வழி தவறினால் ஊத விசிலும் வாங்கியிருந்தேன்.

“ஞாயித்துக்கிழமை ட்ரிப் பத்திப் பேசறோம்ப்பா” என்று என் மகள் போனில் சொன்னாள். ‘நாங்க’ என்றும் சொல்லவில்லை, ‘நாம’ என்றும் சொல்லவில்லை, வெறும் ‘பேசறோம்’. ஆளை விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்ல நம் மொழி ஒரு வசதி வைத்திருக்கிறது, ஏமாறுகிறவன் எப்படி வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். நான் நிரப்பிக்கொண்டேன். ஷூ, தொப்பி, முதுகில் பை, கழுத்தில் விசில் சகிதம் வந்து உங்கள் வீட்டு மணியை அடித்தேன். மேஜையில் வரைபடம் விரித்திருந்தது. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் அப்பா உட்கார்ந்து, புது ஷூ போட்ட காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனி, அதே நிறம். என்னைப் பார்த்ததும், “வாங்க சம்பந்தி. எனக்கெதுக்குடா இதெல்லாம்னு போன்ல அவ்வளவு சொன்னேன், இவன் எங்க விட்டான். ‘அதெல்லாம் பேசாதீங்க, நீங்க இல்லாம எப்படி’ன்னுட்டான். ஷூல வேற கஞ்சத்தனம் பண்ணக் கூடாதாம்” என்று சிரித்தார். அப்போதுதான் உங்கள் காதில் இருந்த, போன் பேசுகிற அந்தச் சின்ன வெள்ளைப் பொத்தானைப் பார்த்தேன். நான் உட்காரும் பக்கத்திலிருந்து அந்தக் காது தெரியாது. அன்றைக்கு நீங்கள் உங்கள் அப்பாவோடு பேசியிருக்கிறீர்கள். நடுநடுவே நானும் பேசியிருக்கிறேன். அது உங்களுக்குக் கேட்கக்கூட இல்லை.

“எங்க மாமா கிளம்பிட்டீங்க?” என்று கேட்டீர்கள். வந்து நின்றவனிடம் கிளம்பினீர்களா என்ற கேள்வி. “சும்மா, வாக்கிங்” என்றேன். “பையோடவா?” என்றார் உங்கள் அம்மா. “டாக்டர் சொல்லியிருக்கார்.” “விசில் எதுக்கு?” “தெரு நாய்த் தொல்லை.” உங்களுக்கெல்லாம் அது போதுமாக இருந்தது. என் மகள் என் ஷூவைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் கூப்பிட்டு, அலமாரியைப் பார்த்துக்கொண்டே, “நாங்க போறது ரொம்பக் கரடுமுரடான இடம்ப்பா. நாங்களே எப்படி இறங்கி ஏறப் போறோம்னு தெரியல. நாங்க வர்ற வரைக்கும் இங்க செடிக்குத் தண்ணி ஊத்தறீங்களா?” என்றாள். ஒரு மூச்சில் மூன்று ‘நாங்க’. இலக்கணப்படி ஒரு பிழை கிடையாது, எல்லாம் சரியான இடத்தில் இருந்தது. ஊத்தறேம்மா என்று சொல்லிவிட்டு, வாக்கிங் போக வந்தவன் வாக்கிங் போனேன். ஒரு அளவு பெரிய ஷூ சமதளத்தில் நடந்தால் குதிகாலைத் தேய்த்துவிடும் மாப்பிள்ளை. வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு காலிலும் கொப்புளம்.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். வருத்தம்தான். உங்கள் அப்பா என்னைவிட மூத்தவர், படியேறினால் கைப்பிடியை விடமாட்டார். அவரை நீங்கள் கெஞ்சிக் கூட்டிப்போவதில் எனக்குக் குறையில்லை, பெற்றவர். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். முடிவு செய்ய என் நினைப்பாவது வந்திருக்க வேண்டும் அல்லவா. வரவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், ஷூவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடாரத்தை வாட்ச்மேனுக்கே கொடுத்துவிட ஏற்பாடு. இனி நீங்களே நேரில் வந்து காலில் விழுந்து கூப்பிட்டாலும் அந்தப் பள்ளத்தாக்குக்கு நான் வருவதாக இல்லை. எனக்கும் மானம் ரோஷம் உண்டு. செடிகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுவேன், அவை என்ன பாவம் செய்தன. நீங்கள் நால்வரும் பத்திரமாக இறங்கி, பத்திரமாக ஏறி, பாறை உறங்கும் இடத்தில் நிற்காமல் வந்துசேர என் ஆசீர்வாதம். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம், அம்மாவுக்கு என் விசாரிப்பு, என் மகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மகள் போன் செய்தாள். உங்கள் அப்பா ஷூவைப் பழக்குகிறேன் என்று படியில் இறங்கி, கால் பிசகி, கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாராம். அவரைப் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மாவும் நின்றுவிட்டாராம். சத்தியமாக நான் அப்படி எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, ஷூவில்தான் கோளாறு. மேலே ஷூவைத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியது தவறு, இப்போது காலில்தான் இருக்கிறது. வாட்ச்மேனுக்குக் கூடாரம் என்பதும் தவறு, ஒரு வாரமாக அதற்குள்தான் படுக்கிறேன், இந்தக் கடிதமே அங்கேதான் எழுதினேன். வரமாட்டேன் என்று எழுதியதையும் அடித்துப் படிக்கவும். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். செடிக்கு உங்கள் அப்பா தண்ணீர் ஊற்றட்டும்.

ஒன்றே ஒன்று. அவள் சொன்னது, “அப்பா, நாங்க உங்களையும் கூட்டிட்டுப் போறோம்.” திருத்துகிற கை சும்மா இருக்காது, ஆனாலும் திருத்தவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எதிரொலி நன்றாகக் கேட்குமாம், துண்டறிக்கையில் போட்டிருக்கிறது, பிழையில்லாமல். கீழே இறங்கியதும் நீங்கள் இருவரும் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருங்கள். நான் பின்னால் நின்று ஒரு தடவை ‘நாம’ என்று கத்திப் பார்த்துவிட்டு வருகிறேன்.