சம்பந்தியோடு பாஸ் மீன் பிடிக்கப் போன விபரம்

வென்ற்வேர்த்வில்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மச்சான் சிறிக்கு,

இங்கே நானும் உம்முடைய அக்கா ரஞ்சினியும் மகள் ராகவியும் உடம்பளவில் நலம். ரோவிலில் நீரும் தர்ஷனாவும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் நலமாக இருக்க மேய்ஸ் ஹில் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் அத்தான் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறார் என்று நீர் யோசிப்பீர். போனில் கதைத்தால் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவா. வாட்ஸப்பில் எழுதினால் உமக்கு முதல் அவ வாசிப்பா. ஆகவே கராஜில் நிற்கிற காருக்குள் இருந்து எழுதுகிறேன். குசினியில் குழம்பு கொதிக்கிற மணம் இங்கே வரைக்கும் வருகிறது. அந்தக் குழம்புதான் இப்போது என் கழுத்துக்குக் கத்தி.

ராகவிக்குப் பேசியிருக்கிற கவினேஷின் தகப்பன் குணசீலன், மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே பல் வைத்தியராக நின்றுவிட்டவர் என்பது உமக்குத் தெரிந்ததுதான். போன மாதம் அவர் போன் எடுத்து, "அண்ணே, நீங்க பாஸ் மீன் புடிப்பீங்களா?" என்று கேட்டார். சம்பந்தி பகுதி எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லும்படி எனக்குப் புத்தி சொன்னவர் யார்? நீர். நான் ஓம் என்றேன். வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் தட்டிக் கழித்த பிள்ளை, முதல்முறையாக ஒருத்தனை வேணும் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். அதை ஒரு மீனுக்காகக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ற் பி நோர்மல்" என்றாள் ராகவி. அக்காதான், "நாங்கள் மீன் வாங்கிற ஆக்கள், பிடிக்கிற ஆக்களில்லை" என்று முகத்தைச் சுழித்தா. சுழித்த முகம் நேராவதற்கு முதலே, இவர் பிடிக்கிற மீனில் குழம்பு என்று சொல்லி, சம்பந்தி வீட்டாரையும் கோயில் ஆட்களையும் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் விட்டா.

இந்த மீனுக்குப் புழு குத்துவதில்லையாம். கிராங்பெய்ட் என்று ஒரு பிளாஸ்டிக் மீன், இந்த மாதிரிப் பொய்மீனுக்கெல்லாம் பொதுப்பெயர் லூர். வயிற்றிலும் வாலிலும் கொக்கி, மூக்குக்கு முன்னால் கரண்டி போல ஒரு தகடு. தகடு நீளமென்றால் இழுக்க இழுக்க ஆழத்துக்குப் போகும், குட்டையென்றால் மேலால் நீந்தும். பரமட்டாவில் ஒரு தூண்டில் கடையில் நின்ற பிள்ளை இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நீங்கள் போகிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். அணைக்கட்டு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாத நான் "டாம்" என்றேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கூட வந்த அக்கா அலுவலைத் தன் கையில் எடுத்தா. கூறைச் சேலை எடுக்கப் போன இடம் என்ற நினைப்பில், இருந்த லூர் முழுவதையும் எடுத்து மேசையில் பரப்பச் சொன்னா, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தா, இதிலேயே அரக்கு நிறத்தில் இருக்கோ என்று என்னை இங்கிலிஷில் கேட்கச் சொன்னா. அரக்குக்கு இங்கிலிஷ் என்ன, நீர் சொல்லும் பார்ப்போம். பாஸுக்கு நன்றாக எடுபடுகிறது என்று அந்தப் பிள்ளை காட்டிய கறுப்பு மீனை, நல்ல காரியத்துக்குப் போகும்போது கறுப்போ என்று ஒதுக்கிவிட்டா. கடைசியில் சிவப்பில் தங்கக் கரை வைத்த ஒன்று எடுபட்டது. தகடு மட்டும் அதன் உடம்பளவு இருந்தது. "கீழ போறதையே எடுங்கோ, மேலால திரியிறது சின்னனுகளைத்தான் பிடிக்கும்" என்றா. எடுத்தேன்.

நேற்று விடிய குணசீலன் காருக்குப் பின்னால் மீன்பிடி போட்டைக் கொழுவிக்கொண்டு வந்தார். வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். டாமில் போட்டை இறக்கித் தன்னுடைய லூர்ப் பெட்டியைத் திறந்தாரே பார்க்கலாம், மச்சான். இரண்டு அடி போவது, ஆறு அடி போவது, பன்னிரண்டு அடி போவது என்று ஆழப்படி அடுக்கி வைத்திருந்தார். நான் என்னுடைய ஒன்றே ஒன்றை எடுத்தேன். "நல்ல மங்களகரமா இருக்கு அண்ணே" என்றார், மரியாதையாகத்தான். கரையோரம் பட்ட மரங்கள் நின்ற பக்கத்தில் முதலில் எறிந்தோம். என்னுடையது நேரே கீழே போய்ச் சேற்றில் தலையைக் குத்தியது. இழுத்தால் பாசி வந்தது. பிறகு ஒரு பெரிய இழுப்பு. பிடிச்சிட்டன் என்று நான் சத்தம் போட, அவர் போட்டைத் திருப்பிக்கொண்டுபோய், மர வேரில் இருந்து கொக்கியைக் கழற்றித் தந்தார். "எட்டு அடித் தண்ணியில இருபது அடி போற லூர போட்டா, அது தரைய உழுதுக்கிட்டு வரும் அண்ணே. தண்ணிய பார்த்துட்டுத்தான் லூர எடுக்கணும்" என்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு வாயே திறக்காத மனிதர், அங்கே ஓயாமல் கதைத்தார். தெளிந்த தண்ணீருக்கு மங்கல் நிறமாம், கலங்கலுக்குப் பளிச்சென்ற நிறமாம், நூல் மெல்லிசாக இருந்தால் லூர் இன்னும் கீழே போகுமாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வெயில் ஏற, மீன் ஆழத்துக்குப் போயிருக்கும் என்று போட்டை நடுவுக்கு விட்டார். "இப்பதான் அண்ணே உங்க லூருக்கு வேலை" என்றார். எறிந்தேன், அவர் சொன்னபடி ஆறுதலாக நூலை மெல்லச் சுற்றினேன், தடி வளைந்தது. போட் ஆட ஆட எழும்பி நின்று இழுத்தேன், மச்சான். வந்தது பாஸ், என் முழங்கை நீளம், தொப்பையும் தானுமாக. அவர் கையை நனைத்துக்கொண்டு பக்குவமாகத் தூக்கினார், அளந்தார், என்னையும் மீனையும் வைத்துப் படம் எடுத்தார். நான் தலை சொதிக்கு, நடுத்துண்டு குழம்புக்கு என்று மனதுக்குள் வெட்டிக்கொண்டிருக்கிறேன், இவர் "போய்ட்டு வாடா ராஜா" என்று சொல்லித் தண்ணீரில் விட்டுவிட்டார். நான் பிடித்த மீனை.

"ஏன் விட்டனீங்கள்?"

"பாஸ நாங்க விட்டுருவோம் அண்ணே. சாப்பிடறதுக்கா புடிக்கிறோம்?"

"பிறகு என்னத்துக்குப் பிடிச்சனாங்கள்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வந்த ஆத்திரத்தில், "பிடிச்ச மீனையே விடுற ஆக்கள், எடுத்த பொம்பிளையை விடமாட்டியள் எண்டு என்ன நிச்சயம்?" என்று கேட்டுவிட்டேன். மனிதரின் முகம் செத்துப்போனது. போட்டைக் கரைக்கு விட்டார். வரும்போது மூன்று மணித்தியாலமும் ரேடியோ மட்டும்தான் கதைத்தது. வாசலில் இறக்கிவிட்டு "வர்றேன்" என்றார். அண்ணே இல்லை.

வீட்டில் மீன் ஐஸில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, இன்று கடை திறந்தவுடன் ஒரு பாரமுண்டி மீனைத் துண்டு போடுவித்து வாங்கி வந்தேன். அதுதான் கொதிக்கிறது. சம்பந்தி வீட்டார் வருவார்களோ தெரியாது. ராகவி புதுச் சட்டையோடு நடமாடுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, மச்சான். என் வாயைச் சுட வேண்டும். இருந்தாலும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லுமுன் நாங்கள் சொன்னால்தான் மரியாதை மிஞ்சும். ஆகவே இது கிடைத்தவுடன் நீர் குணசீலனுக்குப் போன் எடுத்து, சாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி விலத்திவிடும். என்னை மாட்டிவிட வேண்டாம். எக்ஸ்பிரஸ் தபாலில்தான் போடுகிறேன்.

தர்ஷனாவுக்கு என் அன்பு, கடிதத்தைக் காட்டாமல் சொல்லும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உண்மை பேசி, நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்
இந்திரகுமார்

பி.கு.: மேலே உள்ளது முழுவதையும் கிழித்துப் போடும். வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். கோயில் ஆட்களுக்கு முன்னால் அக்கா, "இது இவர் நேற்றுப் பிடிச்ச பாஸ்" என்று குணசீலனின் தட்டில் ஒரு பெரிய துண்டை வைத்தா. அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாரமுண்டி எது, பாஸ் எது என்று அவருக்கா தெரியாது? "ஆமா, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். அண்ணன் தனியாளா இழுத்தாரு" என்று சொல்லி, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கை கழுவுகிற இடத்தில், "மீன விட்டது பழக்கம் அண்ணே. உங்க பொண்ண விடமாட்டோம். இத போட்லயே சொல்லியிருக்கணும், எனக்குத்தான் வாய் வரல" என்றார். கை துடைக்கிற துவாயை நீட்டிக்கொண்டு கண் கலங்கிப்போய் நின்றேன்.

அதன் பிறகுதான் வில்லங்கம். ஆவணியில், செப்டெம்பர் முதல் சனிக்கிழமை, கலியாணத்துக்கு அருமையான முகூர்த்தம் என்று அக்கா சொன்னா. நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். டாமுக்கு இல்லாத, ஆற்றுக்கு மட்டும் உள்ள பாஸ் தடை அந்தக் கிழமைதான் நீங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் போவதாகச் சொல்லி வைத்தாயிற்று. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவ இன்னும் வெளியே வரவில்லை. ஆகவே குணசீலனுக்குப் போன் எடுக்க வேண்டாம், அக்காவுக்கு எடும். அந்த நாள் சரியில்லை என்று நல்ல சாத்திரியார் ஒருத்தர் சொன்னதாகச் சொல்லும். யார் அந்தச் சாத்திரியார் என்று கேட்டால், பல் வைத்தியர் என்று மட்டும் சொல்லிவிடாதேயும்.