தங்கச்சி பாஷை

ஒரே வாரத்தில் ஜெர்மன் பாஷையை ஒரு கை பார்த்துவிடுவது என்று அச்சகத்து ஃபோர்மேன் தீர்மானித்தார். அச்சகத்துக்கு ஜெர்மன் மெஷின் வந்திருந்தது. அதைப் பொருத்த ஓர் இன்ஜினீயரும் வந்திருந்தார். அவரோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்தவருக்குத்தான் ஜெர்மனியில் பயிற்சி என்று முதலாளி சொல்லிவிட்டார். ஃபோர்மேன் முந்திக்கொண்டு இன்ஜினீயரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துவிட்டார்.

அவர் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் ஜெர்மன் பாடம் கேட்பவள். போன வருஷம் பொழுதுபோக்காக ஆரம்பித்தது.

"நீங்களும் உக்காந்து கேளுங்களேன்."

"எதுக்கு? இங்கிலீஷும் ஜெர்மனும் அக்கா தங்கச்சி. ஹவுஸ்னா அங்கயும் ஹவுஸ். வாட்டர்னா வாஸர். அக்காவோட இத்தனை வருஷம் பழகினவன் தங்கச்சிகிட்ட பேச மாட்டேனா?"

"எனக்கும்தான் ஒரு தங்கச்சி இருக்கா. நான் பேசுற மாதிரியா அவ பேசுறா?"

மச்சினியின் வாயை நினைத்து ஃபோர்மேன் சற்றே ஆடிப்போனார்.

"சரி, கிஃப்ட்ங்கிற வார்த்தை அங்க உண்டா?"

"உண்டு. எழுத்துகூட மாறாது."

"பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை, மனைவி சுட்ட பிஸ்கட்டில் ஒன்றை இன்ஜினீயர் வாயருகே கொண்டுபோனார். ஃபோர்மேன் பிஸ்கட்டைக் காட்டினார். மனைவியைக் காட்டினார். "கிஃப்ட்" என்றார் பெருமையாக.

இன்ஜினீயரின் கை அந்தரத்தில் நின்றது. "கிஃப்ட்?"

ஃபோர்மேன் பலமாகத் தலையாட்டினார். பிஸ்கட் மெதுவாகத் தட்டுக்குத் திரும்பியது.

மனைவி அதை எடுத்துத் தானே கடித்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். இன்ஜினீயர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் மெஷின், மழை, அவருடைய அம்மா என்று இருவரும் பேசித் தீர்த்தார்கள். ஃபோர்மேன் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

இன்ஜினீயர் போனதும் ஃபோர்மேன் கேட்டார். "என்ன சொன்ன?"

"கிஃப்ட்னா அங்க விஷம். விஷம் பிஸ்கட்ல இல்ல, இவர் படிச்ச ஜெர்மன்லதான்னேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"உண்டான்னுதானே கேட்டீங்க? என்னன்னு கேட்டீங்களா?"

மறுநாள் முதலாளி கூப்பிட்டபோது, பயிற்சி போச்சு என்றே ஃபோர்மேன் நினைத்தார். ஆனால் இன்ஜினீயர் சிபாரிசு செய்துவிட்டுப் போயிருந்தார்: மெஷின் தெரிந்த புருஷனும் பாஷை தெரிந்த பெண்டாட்டியும் சேர்ந்தே வரட்டும், பெண்டாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர் சம்பளம்.

வீட்டுக்கு ஓடி வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஆரம்பி. முதல் பாடம்."

"யா. ஆமாம்னு அர்த்தம்."

"யா," என்றார் பவ்யமாக. "முடியாதுங்கிறதுக்கு என்ன?"

"அது உங்களுக்குத் தேவைப்படாதுங்க."