குடை அங்கிள் மறந்த குடைகள்

இந்த நாட்டில் எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலாவது ஒரு கறுப்புக் குடை தொங்கினால், அது குடை அங்கிளுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மூன்றாம் மாடியில், எனக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கிளார்க்காக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அந்தப் பெயர் பிளாட் பிள்ளைகள் வைத்தது.

மாதம் ஒருமுறை ஊர் சுற்றப் போவார். குடையோடு போவார், குடையில்லாமல் வருவார். காலி வீதி நடைபாதையில் குடை விற்பவன் அவரைக் கண்டதுமே, "அங்கிள், ஆயெத் குடயக்த?" மறுபடியும் குடையா என்று சிங்களத்தில் கேட்டபடி, புதுசு ஒன்றை விரித்துக் காட்டுவான்.

"அண்ணை, டொக்டரிட்டக் காட்டுங்கோ. இது மறதி வருத்தத்தின்ர தொடக்கம்" என்பேன். எங்கோ வாசித்ததையெல்லாம் எடுத்து விளக்குவேன்.

"ஓம் ஐசே, மறந்துதான் போனன்" என்பார், மிகுந்த சந்தோஷத்தோடு.

ஒருநாள் என்னையும் கூப்பிட்டார்.

"பலப்பிட்டியப் பக்கம் தீவுகள் கிடக்கு. வாருமன்."

"எந்த ஹோட்டலில நிக்கிறது?"

"சனம் இருக்கிற வீடு கிடக்கேக்க ஹோட்டல் என்னத்துக்கு?"

கரையோர ரயிலில் போய் இறங்கி வள்ளம் ஏறினோம். மாது கங்கை என்று பேர்தான் ஆறு. பார்த்தால் ஏரி, ஏரி நிறையத் தீவுகள். முதல் தீவைக் கடக்கும்போது ஒரு பெண் கரைக்கு ஓடிவந்து கறுப்புக் குடையை ஆட்டினாள். "மாமே! குடே!" பிறகு வருகிறேன் என்று அங்கிள் கையைக் காட்டினார். அடுத்த தீவில் ஒரு கிழவர் நின்று குடை ஆட்டினார். வள்ளக்காரன் சிரித்த சிரிப்பில் வள்ளமே ஆடியது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மூன்றாவது தீவில் கறுவாப் பட்டை உரிக்கும் குடும்பம் ஒன்று. தண்ணீர் கேட்டு முற்றத்துக்குப் போன அங்கிள், கொஞ்ச நேரத்தில் சப்பாணி கட்டியிருந்து கறுவா உரித்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் விரலை வெட்டிக்கொண்டார். கட்டுப்போட்ட வீட்டுக்காரி சோறும் போட்டாள். சாப்பிட்டு எழும்ப மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் வள்ளம் போகாது என்று பாய் விரித்தார்கள்.

"மழைக்கும் சொல்லி வச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"விரல்தான் ஐசே என்ர வேலை. மழை மேல இருக்கிறவரின்ர வேலை."

காலையில் வள்ளம் பாதித் தூரம் போனபிறகு கவனித்தேன், அங்கிளின் கையில் குடை இல்லை. "திருப்பு, திருப்பு!" என்று கத்தினேன். "விடும் ஐசே, சின்னச் சாமான்" என்று அவர் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். நான் விடுவேனா? வள்ளத்தைத் திருப்பவைத்து, ஓடிப்போய், அந்த வீட்டுக் கதவில் தொங்கிய குடையைக் கொண்டுவந்து, பந்தயத்தில் வென்றவன்போல அவர் மடியில் வைத்தேன்.

ரயில் பாணந்துறையைத் தாண்டும்வரை அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இனி அந்த வீட்டுக்கு நான் என்ன சாட்டுச் சொல்லிப் போறது?"

"சும்மா போங்கோவன், அண்ணை."

"சும்மா போறதுக்கு எனக்கு ஆர் இருக்கினம்? குடை கிடந்தால், வந்து எடுங்கோ எண்டாவது சொல்லுவினம்." மடியிலிருந்த குடையைத் தடவினார். "கனடாவில மகன் வீட்டிலயும் ஒண்டை விட்டிட்டுத்தான் வந்தனான். அவன் பார்சலில அனுப்பிப்போட்டான்."

நான் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன். உள்ளே வந்து இருங்கள் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. வாசலில் நிற்கவைத்தே மறதிக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தேநீருக்குக் கூப்பிட்டேன். நாலு எட்டு வைத்தால் என் வீடு. வெளியே கொளுத்தும் வெயில். அங்கிள் குடையோடு வந்தார். இருந்து கதைத்துவிட்டுப் போனார். பார்த்தால், குடை எங்கள் கதவில் தொங்குகிறது.

"பாவம், மறந்திட்டார். குடுத்திட்டு வாறன்" என்று என் மனைவி அதை எடுக்கப் போனாள்.

"தொடாதையும் அதை!" நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்தே போனாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் குடையை எடுக்க வருவார். ஞாயிறுதோறும் மறந்துவிட்டுப் போவார்.

இப்போது அவர் இல்லை. குடை அதே கதவில் தொங்குகிறது. மழை நாட்களில் நான் நனைந்துகொண்டுதான் கடைக்குப் போகிறேன்.