ஏழாம் நம்பருக்குக் காய்ச்சல்

மதுரை பஸ்ஸிலிருந்து அன்றைக்கும் ஒரு பார்சல் இறங்கியதைப் பார்த்ததும் ஞானசேகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கும் பேரிங்தான்," என்றான் ஃபிட்டர் பெத்தன், பெட்டியைக் குலுக்கிப் பார்த்து. "மெஷின் நல்லாத்தானே ஓடுது? யாரு கேட்டா இதை?"

"கம்ப்யூட்டர் கேட்டுச்சு."

"அதுக்கு வேற வேலையில்லையா?"

அரியக்குடி ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் ஞானசேகர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். முதலாளி ஏகப்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கம்ப்யூட்டரை வாங்க வைத்தவரே அவர்தான். ஒவ்வொரு மெஷினின் மோட்டாரிலும் பளபளவென்று ஒரு சின்ன வில்லை காந்தத்தால் ஒட்டியிருக்கும். மோட்டார் சூடானால் வில்லை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லும். கம்ப்யூட்டர் மனுஷர் யாரையும் கேட்காமல் மதுரைக் கடைக்குத் தானே ஃபேக்ஸ் அனுப்பி, வேண்டிய பாகத்தை வரவழைத்துவிடும். தொண்ணூற்றேழில் இது என்ன லேசுப்பட்ட சமாசாரமா? காரைக்குடி டீக்கடை ஒன்று பாக்கியில்லாமல் ஞானசேகர் இதைப் பீற்றிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பூஜைக்காக வில்லைகளைக் கழற்றி, மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை தின்று, திரும்ப ஒட்டினார்கள். வேலை தொடங்கிய அன்றிலிருந்து 'ஏழாம் நம்பருக்குச் சூடு, ஏழாம் நம்பருக்குச் சூடு' என்று கம்ப்யூட்டர் ஒரே கூப்பாடு.

சென்னையிலிருந்து முதலாளி போன் போட்டார்.

"என்னய்யா, பஸ்ஸுக்கு பஸ் பேரிங் வருதாம்? பேரிங் கடை வைக்கப் போறியா?"

"ஐயா, கம்ப்யூட்டர் சொல்லுது..."

"உன் கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை, நிக்கப்போறது இதுதான்னு முன்கூட்டியே சரியாச் சொல்லட்டும். நான் நம்புறேன். வெள்ளிக்கிழமை வாரேன். இல்லைன்னா அதையும் உன்னையும் ஒரே லாரியில ஏத்தி தூத்துக்குடி குடோனுக்கு அனுப்பிருவேன்."

அன்று வீட்டில் ஞானசேகருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அடைக்கலமேரிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.

"நீங்க தூத்துக்குடிக்குப் போயிருவீக. நான் இங்க இருப்பேன். பிள்ளைக எங்குட்டு இருக்கும், பஸ்ஸுலயா?" என்றாள் அவள். அழுதுவிடுவாள் போலிருந்தது. ஞானசேகருக்கும் அதேதான்.

மறுநாள் ஆளே வேறாக மில்லுக்குள் நுழைந்தார். முதலில், வந்த பேரிங்கில் ஒன்றை ஏழில் மாட்டச் சொன்னார். பெத்தன் முன்பக்கத்தைத் திறந்து மாட்டினான். சூடு குறையவில்லை.

"பின்னால வில்லை சரியா ஒட்டியிருக்கா பாரு."

ஏழாம் நம்பர் கேன்டீன் சுவரை ஒட்டி நிற்கிற மெஷின். அந்த இடுக்கில் ஞானசேகரின் தொப்பை போகாது. பெத்தன் கையை மட்டும் விட்டுத் துழாவினான். "ஒயர் உள்ள போகுது சார். ஒயர் இருந்தா வில்லையும் இருக்கும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. ஆபீசிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து ஏழின் மேல் காற்றடிக்க விட்டார். ஏழு ஆறவில்லை. ஆனால் பறந்த பஞ்செல்லாம் ஆறிலும் எட்டிலும் போய் அப்பிக்கொள்ள, அவை நிஜமாகவே சூடாகி, கம்ப்யூட்டர் அந்த இரண்டுக்கும் சேர்த்து ஃபேக்ஸ் அடித்துவிட்டது.

"ஃபேனை நிறுத்துய்யா!" என்று அலறினார் ஞானசேகர்.

அப்புறம் கம்ப்யூட்டரிடமே சமாதானம் பேசிப் பார்த்தார். 'புது பேரிங் போட்டும் சூடு இருந்தால், இனி பேரிங் வாங்காதே' என்று தட்டிவிட்டார். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. பேரிங் வாங்கவில்லை. முழு மோட்டாராக ஆர்டர் போட்டது.

"அட கடவுளே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டீ கொண்டுவந்த கேன்டீன் மலையம்மாளிடம், "இட்லி எங்கம்மா?" என்று எரிந்து விழுந்தார்.

"மாவு ஆட்டி முடியலை சார். நீக இங்க மெஷினைக் கொஞ்சுங்க, இட்லி தானா வரும்," என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள் அவள்.

கடைசியில் ஏழாம் நம்பரையே நிறுத்தி, ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதும் கம்ப்யூட்டர் சொன்னது: சூடு.

பெத்தன் இரண்டடி தள்ளி நின்றான். "ஓடாத மெஷினுக்குக் காய்ச்சல்னா, இது காத்து கருப்பு சார். பூசணிக்காய் உடைப்போம்."

அடைக்கலமேரி கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொடுத்தனுப்பினாள். ஞானசேகர் யாரும் பார்க்காதபோது தெளித்தார். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சூடு மளமளவென்று இறங்கியது. அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மறுநாள் காலை பழையபடி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்கக் காய்ச்சலே இல்லை.

"பாத்தீகளா, ஆண்டவருடைய நாள்," என்றாள் அடைக்கலமேரி.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளியின் காரும், மதுரையிலிருந்து புது மோட்டாரை ஏற்றிவந்த டெம்போவும் மில் வாசலில் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. நல்ல சகுனம்!

ஏகப்பன் நேராக உள்ளே வந்து ஏழாம் நம்பர் மேல் கையை வைத்தார். "ஜில்லுன்னு இருக்கு."

அதே நேரம் கம்ப்யூட்டர் கீச்சுக்கீச்சென்று கத்தி ஒரு தாளைத் துப்பியது. ஞானசேகர் அதை ஒளிக்கப் பார்த்தார். முதலாளி பிடுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'ஏழாம் நம்பர் மோட்டார் இனித் தாங்காது. இன்றே நின்றுவிடும்.' ஏய்யா, நிறுத்தி வச்ச மெஷின் இன்னும் எப்படிய்யா நிக்கும்?"

"ஐயா, இன்னும் ஒரு வாரம்..."

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. பெத்தா, லாரியை எடுக்கச் சொல்லு."

ஞானசேகருக்குப் பள்ளிக்கூடச் சேலையில் அடைக்கலமேரி அன்று காலை டாட்டா காட்டியதுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பாழாய்ப்போன பெட்டியை நம்பினோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம். ஏழாம் நம்பருக்குப் பின்னால் இருந்த ஓட்டை வழியாகக் கருகல் வாசம் வந்தது.

"எங்கய்யா அது?" என்று முதலாளி திரும்புவதற்குள், முழங்கை வரை மாவோடு மலையம்மாள் ஓடிவந்தாள். கையில் பளபளவென்று ஒரு வில்லை, அறுந்த ஒயர் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் இந்த வெள்ளிப் பொட்டை வச்சீக, என் கிரைண்டர் மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சுன்னு சுவத்து ஓட்டையில கெடந்த ஒண்ணை இழுத்து நான்தான் ஒட்டுனேன் முதலாளி, அன்னையிலருந்து அனலாக் கொதிச்சுக்கிட்டே கெடந்துச்சு, இன்னைக்கு நின்னேபோச்சு!"