சுசீலா அந்தமான் போன கதை

இதுவரை நான் படிக்காத புத்தகங்களைப் பற்றித்தான் மிக நன்றாகப் பேசியிருக்கிறேன். படித்த புத்தகம் என்றால் எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நாக்கு கொஞ்சம் தயங்கும். படிக்காத புத்தகத்தில் அந்தத் தொல்லை கிடையாது. இந்த உண்மையைப் பதினாறாவது வயதில், விருத்தாசலத்தில், ஐம்பத்தெட்டுப் பேர் முன்னால் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு மாட்டிக்கொள்ளவும் செய்தேன்.

அப்போது நான் ப்ளஸ் ஒன். எங்கள் தெருவில் செல்போன் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், அவர்களும் மொட்டை மாடிக்கு ஏறித்தான் பேச வேண்டும். அந்த வருஷம் எங்களுக்குத் தமிழ் எடுக்க வசந்தா டீச்சர் புதிதாக வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. "பாடப் புத்தகத்துல இருக்கறதை நான் நடத்துறேன். அது போக ஆளுக்கு ஒரு நாவலை நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே படிக்கணும். நான் கதை சொல்ல மாட்டேன், நோட்ஸ் தர மாட்டேன். படிக்கப் படிக்கத் தோணுறதை ஒரு நோட்டுல எழுதுங்க. அப்புறம் வகுப்புல வந்து பத்து நிமிஷம் பேசணும்" என்றார்.

நோட்ஸ் தர மாட்டேன் என்று ஒரு டீச்சர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. முன் பெஞ்சில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்காக ஹெச்.எம். சாரிடம் கெஞ்சி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை டீச்சர் வாங்கியிருந்தார். அந்தப் பீரியடின் மேல் கணக்கு சாருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஹெச்.எம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழி சொல்லியிருந்தார்: ஒரு மாதம் நடக்கட்டும், முதல் பேச்சை நானே வந்து கேட்கிறேன், பிள்ளைகள் உண்மையிலேயே படித்திருந்தால் பீரியடு தமிழுக்கு, இல்லையென்றால் கணக்குக்கு.

முதலில் பேச டீச்சர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். காரணம், நான் பேச்சுப் போட்டிகளில் வாங்கிக் குவித்திருந்த சோப்பு டப்பாக்கள். (அந்தக் காலத்தில் எந்தப் போட்டிக்கும் பரிசு சோப்பு டப்பாதான். ஆறு இருந்தது.) "நீ பேசினா ஹெச்.எம். அசந்துடுவாரு. உன்னை நம்பித்தான் இருக்கேன்" என்றார். அந்த வார்த்தை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. புத்தகம் ஏற அங்கே இடமில்லை.

நாவலுக்கு நூலகம் வரை போகவேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் அம்மா பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். அதில் இருந்ததிலேயே தடிமனான ஒன்றை எடுத்தேன். முதுகில் 'சுசீலாவின் சாவிக்கொத்து' என்று தங்க எழுத்து.

"அதுவா எடுத்துட்டுப் போற?" என்றார் அம்மா, அரிசி களைந்துகொண்டே. "நடுவுல ஒண்ணு சொல்லணும்டி, கேட்டுட்டுப் போ."

"சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மா என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

நாலு வாரம் போனதே தெரியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம்தான் புத்தகத்தைத் திறந்தேன். முதல் நாற்பது பக்கம் படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய சுசீலா பெரிய வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். மாமியார் ஒரு சாவிக்கொத்தைக் கொடுக்கிறாள். அதில் ஒரு சாவி வீட்டில் இருக்கிற எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அது எதைத் திறக்கும்? புருஷன் வேணுகோபாலுக்கும் தெரியவில்லை. இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. கடைசி இருபது பக்கத்துக்குத் தாவினேன்.

கடைசி இருபது பக்கத்தில் அந்தமான் இருந்தது. புயல் அடித்தது. கேப்டன் ரகுராம் என்பவர் கப்பலில் நின்று தொப்பியைக் கழற்றினார். டாக்டர் நிர்மலா துறைமுகத்தில் நின்று அழுதாள். சுபம்.

புத்தியுள்ள பிள்ளையாக இருந்தால் இங்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஒவ்வொரு வாரப் பகுதியின் தலையிலும் கதையின் பெயர் இருக்குமே, அதையாவது பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பைண்டு கடைக்காரர் ஓரம் வெட்டும்போது தலைப்புகளையும் சேர்த்து வெட்டிவிட்டிருந்தார். அது போக, எனக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. எங்கேயோ தொடங்கிய கதையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட எழுத்தாளர்! நடுவில் இருந்ததை நானே கட்டிவிடுவதென்று முடிவுசெய்தேன். நோட்டையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். ஒரு மாதமாக எழுதியது போலத் தெரிவதற்காக நாலு பக்கம் நீல மை, நாலு பக்கம் கறுப்பு, நடுவில் பச்சை ஜெல் பேனா. ஒரு பக்கத்தில் கொஞ்சம் டீயும் தெளித்தேன்.

வெள்ளிக்கிழமை. ஹெச்.எம். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மௌனம். மாணவிகளிடம் வார இதழ் கண்டால் பிடுங்கித் தன் அலமாரியில் பூட்டிவிடுவார். வராந்தாவில் கணக்கு சார் சாக்பீஸ் டப்பாவோடு தயாராக நின்றிருந்தார். வசந்தா டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

நான் ஆரம்பித்தேன். கதையின் பெயரைச் சொன்னதும் ஹெச்.எம். நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். (இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.)

சுசீலாவின் கல்யாணம், சாவிக்கொத்து எல்லாம் சரியாகவே போனது. அதற்கப்புறம் கையைக் காலை ஆட்டிக்கொண்டு அவிழ்த்துவிட்டேன். அந்தச் சாவி பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தது என்றேன். பெட்டிக்குள் ஒரு கப்பல் டிக்கெட். வேணுகோபாலை என்ன செய்வதென்று தெரியாததால், ஒரே வாக்கியத்தில் டைஃபாய்டு கொடுத்துக் கொன்றேன். சுசீலா கப்பலேறினாள். கப்பலிலேயே நிர்மலா என்று பெயரை மாற்றிக்கொண்டாள். எட்டாவது படித்தவள் அந்தமானில் டாக்டர் ஆனாள். "அவளது விடாமுயற்சி!" என்று மேசையைத் தட்டினேன். வகுப்பு கைதட்டியது. டீச்சர் முகத்தில் கூட லேசாக ஒரு வெளிச்சம்.

ஹெச்.எம். கைதட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"வேணுகோபால் செத்துட்டானாம்மா?"

"ஆமாங்க சார். டைஃபாய்டு."

"இந்தக் கதையில கப்பலே வராதேம்மா."

அவர் கையை நீட்டினார், நான் புத்தகத்தைக் கொடுத்தேன். நடுப்பக்கம் வரை புரட்டி, அங்கே நின்றார். பிறகு விரித்து எனக்குக் காட்டினார். இடப்பக்கம் பழுப்புத் தாள், வலப்பக்கம் வெளுத்த தாள். இந்தப் பக்கம் மூன்று பத்தி, அந்தப் பக்கம் இரண்டு பத்தி. புத்தகத்தைத் திறந்து பார்த்த எவர் கண்ணிலும் படக்கூடிய விஷயம். திறந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

"இது பாதி ஒரு கதை, பாதி வேற கதை. பைண்டு பண்ணினது யாரு?"

"அம்மா, சார்."

"அவங்க உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

நடுவுல ஒண்ணு சொல்லணும்டி. அரிசி களையும் சத்தத்தோடு சேர்த்து அது அப்போதுதான் என் காதில் முழுசாக விழுந்தது.

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அது கூடப் பரவாயில்லை. வசந்தா டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் நோட்டின் பச்சை மைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு சோப்பு டப்பாவையும் தூக்கி மணிமுத்தாற்றில் போட்டுவிடலாம் போல இருந்தது எனக்கு. என்னால் அவர் பீரியடு போகப்போகிறது. கணக்கு சார் ஒரு காலை உள்ளேயே வைத்துவிட்டார்.

அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "சார், அப்ப அந்தச் சாவி எதைத்தான் தொறந்துச்சு?"

ஹெச்.எம். மீசையைத் தடவினார். "எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாராவாரம் நான்தான் படிச்சுக் காட்டுவேன். ஒரு வாரம் புக்கு வர லேட்டானா அன்னைக்கு எங்க வூட்டுல சோறு இறங்காது" என்றார். எங்களிடம் பிடுங்கிய வார இதழ்கள் எல்லாம் அலமாரியில் சும்மா கிடக்கவில்லை என்பதும் அப்போது எங்களுக்கு ஓரளவு விளங்கிற்று. பிறகு அந்த மனிதர் கதை சொல்ல ஆரம்பித்தார். மாமியார் பேசும் இடத்தில் மாமியார் குரல், சுசீலா அழும் இடத்தில் மூக்கைக்கூட உறிஞ்சினார். மணி அடித்தது. ஒருவர்கூட எழவில்லை. கணக்கு சார் முதலில் வாசல் நிலையில் சாய்ந்தார், பிறகு கடைசிப் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

முடித்துவிட்டு எழுந்த ஹெச்.எம்., "பீரியடு தமிழுக்கே இருக்கட்டும் டீச்சர். ஆனா அடுத்த வாரம் நிஜமாவே படிச்ச பிள்ளையா பார்த்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தா டீச்சர் எனக்குக் கொடுத்த தண்டனை சின்னது. புதிதாக ஒரு நோட்டில் 'நான் படிக்காத பக்கங்கள்' என்று தலைப்புப் போட்டு, அந்த நடுப்பக்கங்களை முழுக்கப் படித்து எழுதவேண்டும், ஒரே பேனாவில்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை பிடித்தேன். "ரெண்டு கதைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தேன், நீ எங்க நின்ன?" என்றார் அம்மா. "ஸ்ரீமுஷ்ணத்துல எங்க வூட்டுல வாராவாரம் ஒரு புக்கு வாங்குவாங்க. பாதி கதை போயிட்டிருக்கும்போது எனக்குக் கல்யாணம் வச்சிட்டாங்க. இங்க வந்தா உங்கப்பா வூட்டுல வேற புக்கு. அதுல ஒரு கதை பாதி ஓடிட்டிருந்துச்சு. ரெண்டு பாதியையும் சேர்த்து ஒண்ணா பைண்டு போட்டேன்."

பொம்மை அச்சு வார்க்கும் செராமிக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேல் பாதி மயிலு அச்சு, கீழ் பாதி முயலு அச்சு. எங்க சூப்பர்வைசர் கூட பாஸ் பண்ண மாட்டான்."

அம்மா சிரிக்கவில்லை. "அந்தச் சாவி எதைத் தொறந்துச்சாம்? சார் சொன்னாரா?" என்று கேட்டார். இருபது வருஷமாக அவருக்கு அது தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சொன்னேன். அது எதையும் திறக்கிற சாவி இல்லை. மருமகள் ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்க்கிறாளா என்று வேவு பார்க்க மாமியார் சும்மா கோத்துவைத்த பழைய சாவி.

"அடிப்பாவி!" என்றார் அம்மா. சுசீலாவின் மாமியாரைத்தான். "இதுக்கா நான் இத்தனை வருஷம் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்?" பிறகு, "நீ ஸ்கூல்ல என்னான்னு சொன்ன?" என்றார்.

"டிரங்குப் பெட்டியைத் தொறந்துச்சு. உள்ள கப்பல் டிக்கெட் இருந்துச்சுன்னு சொன்னேன்."

அம்மா அடுப்பைத் தணித்தார். "அதுவே இருக்கட்டும்டி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கு அந்தமான் சாவி என்று பெயர். நான் எதையாவது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அளக்க ஆரம்பித்தால் அப்பா, "வேணுகோபாலுக்கு டைஃபாய்டு வந்துடுச்சு" என்பார். என் கல்யாணத்துக்கு வந்த வசந்தா டீச்சர், பச்சை ஜெல் பேனா ஒரு டப்பா பரிசளித்தார்.

நான் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று, என் பெட்டிச் சாவியோடு அம்மா ஒரு பழைய துருப்பிடித்த சாவியைக் கோத்துக் கொடுத்தார். "கப்பல் டிக்கெட்டு. பத்திரமா வச்சுக்க" என்றார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். அது எந்தப் பூட்டின் சாவி என்று என் கணவர் பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "நடுவுல ஒண்ணு சொல்லணும்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் "சரி சரி" என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்.