போலீசில் பதிவு செய்த சிங்கம்

அன்று நகர மன்ற வாசலுக்கு வந்திருந்தவர்கள்: திபெத்துக்காகக் குரல் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஜெர்மானிய டீச்சர்கள் நால்வர், ரஞ்சி அக்கா, போலீஸ்காரர்கள் இருவர், ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், ஒரு சிங்கம். வராதவர் ஒரே ஒருவர், ஸ்வெட்டர்க்காரர். சிங்கத்தின் தலைக்குள் இருப்பது யார் என்று எவர் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வால் பக்கம் குனிந்து நின்றது நான்.

ஜெர்மனி முழுக்கச் சல்லடை போட்டாலும், ஸ்வெட்டர்க்காரரைப் போல ஒளிந்துகொண்டே ஆர்ப்பாட்டம் செய்யத் தெரிந்த இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். அவர் திபெத்துக்காரர். அவருக்கு ஒன்பது வயதானபோது அம்மா ஒரு கூட்டத்தோடு சேர்த்து மலை தாண்டி இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு அம்மாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. கர்நாடகத்தில் திபெத்தியர் குடியிருப்பில் படித்து, வருடா வருடம் குளிர்காலத்தில் மதுரை பிளாட்பாரத்தில் ஸ்வெட்டர் விற்றவர். டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நான் பகுதிநேர வேலைக்குப் போன முதல் நாள், ஊருக்குப் போன் பேசி முடித்ததும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பி, "என்ன தம்பி, உசிலம்பட்டிப் பக்கமா? பேச்சே சொல்லுதே" என்றார். நான் உருளைக்கிழங்குக் கூடையைக் கீழே போட்டுவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் கடைத்தெருவில் மேசை போட்டு, திபெத்துக்காகக் கையெழுத்து வாங்குவார். யாரும் நிற்காமல் போனாலும் மனம் தளராது. "மதுர வெயில்ல ஸ்வெட்டர் வித்தவன் தம்பி நான். இந்தக் குளிர்ல ஒரு கையெழுத்து வாங்க மாட்டேனா?"

ஆனால் அங்கே முகத்தை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டார். காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் அம்மா போனில் பேசுவார். நான்கு நிமிடம். சீனப் போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்பதால் மழை, வாற்கோதுமை, மாட்டின் கால்வலி, அவ்வளவுதான் பேச்சு. வெளிநாட்டில் கொடி பிடித்தவர்களின் படம் வெளியானால் ஊரில் அவர்கள் வீட்டுப் போன் ஊமையாகிவிடும் என்பது புலம்பெயர்ந்த திபெத்தியர்கள் கண்டறிந்த விஷயம். அவருடைய தம்பி ஊர்ப் பிள்ளைகளுக்குத் திபெத்திய எழுத்து சொல்லிக்கொடுத்தவன். எங்கள் சிங்க ஆட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. தம்பிக்காகக் கத்த வேண்டும், அம்மாவின் போனும் நிற்கக் கூடாது. இதுதான் அவருடைய பாடு.

ஜெர்மனியில் எதற்காகவும் ஆர்ப்பாட்டம் செய்யலாம். முகத்தை மறைத்துக்கொண்டு செய்யக் கூடாது, சட்டம் அப்படி. கறுப்புக் கண்ணாடியும் மப்ளருமாக நின்றவரைப் போலீஸ் ஓரம் கட்டியது. எல்லாரும் முகமூடி போட்ட கொரோனாக் காலத்தைத் தன் பொற்காலம் என்றே சொல்வார். அது முடிந்ததும் உலகத்திலேயே வருத்தப்பட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். பிறகு ஒட்டு மீசை. சமையலறையிலேயே ஒட்டிப் பழகினார். "மீசையோட சிரிக்காதேங்கோ தம்பி, சூப்புக்குள்ள விழப்போகுது" என்று எங்களோடு சமைக்கும் ரஞ்சி அக்கா சொல்லி முடிப்பதற்குள் விழுந்தது. எண்பத்தேழு வயதுப் பாட்டி ஒருவர் அதைக் கீரை என்று ஓரமாக எடுத்துவைத்தார்.

கடைசியாக வந்ததுதான் சிங்க யோசனை. திபெத்தில் பனிச் சிங்க ஆட்டம் உண்டு. "ஆட்டம்னா கலை தம்பி. கலைக்கு ஏது முகமூடிச் சட்டம்?" தைக்கத் தெரிந்தவர் ரஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து முப்பது வருடமாக இங்கே இருப்பவர். கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சிங்கமோ? உங்களுக்கு வேற மிருகமே கிடைக்கேல்லையோ? எங்கட ஆக்கள் கண்டா என்னை ஊரை விட்டுத் தள்ளி வைப்பினம்!"

"அக்கா, இது வெள்ளைச் சிங்கம்க்கா. எங்க கொடியில இருக்குறது."

"வெள்ளையோ கறுப்போ, கொடியில சிங்கம் கண்டா எனக்கு ஒத்து வராது." கொஞ்ச நேரம் சூப்பைக் கிண்டினார். "கையில வாள் வச்சிருக்கோ?"

"இல்லக்கா."

"அப்ப சரி. பழைய திரைச்சீலை கிடக்கு, கொண்டு வாறன்."

போலீசுக்குக் கொடுக்கும் பதிவுப் படிவத்தை நான்தான் ஜெர்மனில் நிரப்பினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கைநாட்டு வைக்கும் என் அப்பா ஆடுகளை விற்று இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு அனுப்பியது, நான் சிங்கத்தின் பின்னங்கால் ஆவதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

திபெத் எழுச்சியின் நினைவாக மார்ச் மாதத்தில் இந்த நாட்டில் பல ஊர்களில் நகர மன்ற வாசலில் திபெத் கொடி ஏற்றுவார்கள். பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் அந்தச் சனிக்கிழமை எங்கள் ஆட்டம். போலீஸ்காரர்கள் இருவரும் சிங்கத்தைச் சுற்றி வந்தார்கள். இது முகமூடியா, கலையா என்று தங்களுக்குள் பத்து நிமிடம் வாதாடினார்கள். கடைசியில் மூத்தவர் சிங்கத்தின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். வென்றுவிட்டோம் என்று நான் வாலை ஆட்டினேன்.

அப்போதுதான் அந்தத் தொகுதியின் எம்.பி. அம்மையார் வந்தார். தம்பி எங்கே என்று கேட்கும் மனு சிங்கத்தின் வாயில் இருந்தது. அவர் வாங்கிப் படித்துவிட்டு, குனிந்து சிங்கத்தின் கண்ணைப் பார்த்துப் பேசினார். "நான் வெளியுறவு அமைச்சகத்தில் கேட்கிறேன். ஆனால் பத்திரிகை எழுதினால்தான் அங்கே அசைவார்கள். ஒரு பெயரும் முகமும் இல்லாமல் பத்திரிகை எழுதாது."

சிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நானும் உட்கார வேண்டியதாயிற்று. திரைச்சீலைக்குள் இருட்டும் வியர்வையுமாக இருந்தது.

"தம்பி, நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்ல?"

"வேணாம்ண்ணே. டீச்சரம்மா யாராச்சும் போட்டோவுக்கு நிக்கட்டும்."

"அவனுக்கு அவங்களா அண்ணன்?" என்று என் பக்கம் திரும்பினார். "அம்மா என்கிட்ட மழையப் பத்திப் பேசுது தம்பி. ரெண்டு வருசமா மழை, மழை. அது கேக்க நெனைக்கிறது பூராம் அவனப் பத்தி. வாயத் தெறக்க முடியல அதுக்கு. நானும் இதுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு மழையா மழையான்னே கேட்டா எப்புடி?"

"கால நகத்திக்க" என்றார். தலையைக் கழற்றினார்.

புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ஒட்டியிருந்த மீசை பாதி பிய்ந்து உதட்டில் தொங்கியது. ரஞ்சி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதைப் பிடுங்கி எறிந்தார். தன் சால்வையால் அவர் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"படத்துக்கெண்டு நிக்கிறியள், வடிவா நில்லுங்கோ. அம்மா எப்பிடியும் ஒருநாள் பாப்பா."

படம் அன்றிரவே வெளிவந்தது. அமைச்சகம் கேட்டிருக்கிறதாம், சீனாவிலிருந்து பதில் இன்னும் இல்லையாம். எம்.பி. அம்மையார் மாதாமாதம் எழுதுகிறார். அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நானும் அக்காவும் சொல்லிவைக்காமலே அவர் அறைக்குப் போய்விடுகிறோம். அக்கா தேநீர் போடுவார். யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் தம்பியைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்போம். வாரம் நான்கு நிமிடம், நேற்றோடு அறுபத்திரண்டு ஞாயிறு. அந்த ஒரு படத்துக்காக அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் இதுவரை ஆன செலவு இருநூற்று நாற்பத்தெட்டு நிமிடம்.